ஷேக் சின்ன மௌலானா யார்? ஆந்திராவிலிருந்து ஸ்ரீரங்கம் வந்த நாதஸ்வரமும், உதட்டில் பிறக்கும் ராகமும்

கல்யாண வீட்டில் நாதஸ்வரம் வாசிக்கும்போது நம்ம கண் முதலில் போவது வித்வானின் விரல்களுக்குத்தான். துளைகளின் மேல் விரல்கள் ஓடுகிற வேகத்தைப் பார்த்து அசந்துபோவோம். செல்போனில் வீடியோ எடுப்பவர்களும் விரல்களைத்தான் க்ளோஸ்-அப்பில் பிடிப்பார்கள். ஆனால் நாதஸ்வரத்தில் பாதி வேலை நடக்கிற இடத்தை எந்தக் கேமராவாலும் பிடிக்க முடியாது. அது வித்வானின் வாய்க்குள், இரண்டு உதடுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்ன நாணல் துண்டில் நடக்கிறது.

அந்த நாணல் துண்டை உதட்டில் எப்படிப் பிடிப்பது, எவ்வளவு அழுத்துவது, எப்போது தளர்த்துவது என்பதில்தான் ஒருவரின் நாதஸ்வரத்துக்கும் இன்னொருவரின் நாதஸ்வரத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இருக்கிறது. இது புத்தகத்தில் படித்து வருவது இல்லை. குருவுக்கு எதிரே வருஷக்கணக்கில் உட்கார்ந்துதான் வாங்க வேண்டும்.

அப்படி வாங்குவதற்காகவே ஆந்திராவின் ஒரு கிராமத்திலிருந்து காவிரிக் கரைக்கு வந்தவர் ஷேக் சின்ன மௌலானா. வேறு மாநிலம், வேறு மதம், தமிழ்நாட்டு நாதஸ்வரக் குடும்பங்களோடு எந்த உறவும் கிடையாது. கடைசியில் ஸ்ரீரங்கத்தையே சொந்த ஊராக்கிக்கொண்டார். பிற்காலத்தில் நாதஸ்வரம் கற்க விரும்பியவர்கள் அவரைத் தேடி அங்கே வந்தார்கள்.

கரவதியில் ஆரம்பம்

1924-ம் ஆண்டு மே 12-ம் தேதி, ஓங்கோல் அருகே இருக்கும் கரவதி கிராமத்தில் பிறந்தார். இன்றைக்கு அது ஆந்திராவின் பிரகாசம் மாவட்டம். அப்போது ஆந்திரா என்று தனி மாநிலம் கிடையாது. கரவதியும் திருச்சியும் ஒரே சென்னை மாகாணத்துக்குள்தான் இருந்தன.

பிறந்தது நாதஸ்வரக் குடும்பத்தில். முஸ்லிம் குடும்பத்தில் நாதஸ்வரமா என்று தமிழ்நாட்டில் சிலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆந்திராவின் குண்டூர், பிரகாசம் பகுதிகளில் அது ஆச்சரியமே இல்லை. அங்கே கோயில்களுக்கும் கல்யாணங்களுக்கும் தலைமுறை தலைமுறையாக நாதஸ்வரம் வாசிக்கும் முஸ்லிம் குடும்பங்கள் உண்டு. காசியில் ஷெனாய் வாசித்த பிஸ்மில்லா கானை இந்தியாவே அறியும். அதே போன்ற ஒரு மரபு தெற்கிலும் இருந்தது. வெளியே அவ்வளவாகப் பேசப்படவில்லை, அவ்வளவுதான்.

முதல் பாடம் வீட்டிலேயே, ஷேக் காசிம் சாஹிபிடம். பிறகு சிலகலூரிப்பேட்டை ஆதம் சாஹிபிடம். ஆந்திர நாதஸ்வர உலகில் சிலகலூரிப்பேட்டை என்பது நம்ம ஊரில் திருவாவடுதுறை மாதிரி ஒரு பெயர். அங்கே கற்றுத் தேறினாலே போதும், கச்சேரிக்கும் வருமானத்துக்கும் குறை இருக்காது. அவர் அதோடு நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்பது புரிய வேண்டுமானால், முதலில் அந்த நாணல் துண்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

சீவாளி என்றால் என்ன?

நாதஸ்வரத்தின் உடல் பகுதிக்கு உலவு என்று பெயர். ஆச்சா மரத்தில் கடைவார்கள். கீழே விரிந்திருக்கும் புனல் போன்ற பகுதி அணசு. மேல்முனையில் கெண்டை என்ற சின்ன உலோகக் குழல். அந்தக் கெண்டையின் மேல் செருகுவதுதான் சீவாளி.

காவிரி, கொள்ளிடம் போன்ற ஆற்றங்கரைகளில் வளரும் ஒரு வகை நாணல் தட்டையில் சீவாளி செய்கிறார்கள். தட்டையைக் காய வைத்து, பக்குவப்படுத்தி, நசுக்கித் தட்டையாக்கி, அடியில் நூல் சுற்றிக் கட்டுவார்கள். முனையில் இரண்டு மெல்லிய இதழ்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நிற்கும். நடுவே கீற்று போல ஒரு சந்து. காற்று அந்தச் சந்து வழியாகப் போகும்போது இரண்டு இதழ்களும் படபடவென்று அடித்துக்கொள்ளும். அந்த அதிர்வுதான் நாதம். மேலைநாட்டு ஓபோ வாத்தியமும், நம்ம ஷெனாயும் இதே இரட்டை நாணல் குடும்பம்தான்.

நாதஸ்வரத்தின் மேல் பகுதியிலிருந்து நூலில் ஏதோ தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அலங்காரக் குஞ்சம் என்றே பலரும் நினைக்கிறார்கள். அவை மாற்றுச் சீவாளிகள். கூடவே ஒரு ஊசியும் தொங்கும். சீவாளியின் வாயைச் சரிசெய்யவும், உள்ளே அடைத்திருப்பதை எடுக்கவும் அது வேண்டும். வாசித்துக்கொண்டிருக்கும்போதே சீவாளி மக்கர் செய்தால், சட்டென்று வேறொன்றை மாட்டிக்கொள்ள வேண்டும். பின்னால் தவில் ஓடிக்கொண்டே இருக்கும்.

சீவாளி உயிருள்ள பொருள் மாதிரிதான் நடந்துகொள்ளும். புதுசு என்றால் முரடாக இருக்கும். வாசித்து வாசித்துப் பழக்க வேண்டும். ரொம்பப் பழசானால் தொய்ந்துவிடும். வறண்டிருந்தால் பேசவே பேசாது, அதனால்தான் வாசிப்பதற்கு முன் வாயில் வைத்து ஈரப்படுத்துகிறார்கள். விடியற்காலைப் பனியில் ஒரு மாதிரி, உச்சி வெயிலில் இன்னொரு மாதிரி. நேற்று நன்றாகப் பேசியது இன்றைக்கும் பேசும் என்று எந்த வித்வானும் உத்தரவாதம் கொடுக்க மாட்டார்.

சரி, உதடு என்ன செய்கிறது?

நாதஸ்வரத்தில் விரல் வைக்கும் துளைகள் மொத்தம் 7. அதற்குக் கீழே சில துளைகள் உண்டு. அவை வாத்தியத்தின் சுருதியையும் நாதத்தையும் சரிசெய்ய, விரலுக்கு அல்ல. கிளாரினெட் மாதிரி சாவிகளும் இல்லை. இந்த ஏழு துளைகளை வைத்துக்கொண்டு கர்நாடக சங்கீதத்தின் 12 ஸ்வர ஸ்தானங்களையும், அவற்றுக்கு இடையே அசைகிற கமகங்களையும் கொண்டுவர வேண்டும். துளையைப் பாதி மூடுவது, கால் மூடுவது என்று விரல்கள் ஒரு பக்கம் வேலை செய்யும். மீதி வேலை உதட்டுக்கும் மூச்சுக்கும்.

உதட்டால் சீவாளியைக் கொஞ்சம் அழுத்தினால் இதழ்களின் சந்து குறுகும், சுருதி ஏறும். தளர்த்தினால் இறங்கும். மூச்சை வேகமாகக் கொடுத்தாலும் ஏறும். ஒரே துளையில் விரலை அசைக்காமலே, உதட்டாலும் மூச்சாலும் மட்டும் ஒரு ஸ்வரத்தை மேலும் கீழும் வளைக்கலாம். வரம் என்றால் இதுதான் வரம், சாபம் என்றாலும் இதுதான். உதடு ஒரு இம்மி பிசகினால் சுருதி சேராது. வீணையில் மெட்டு இருக்கிறது, ஆர்மோனியத்தில் கட்டை இருக்கிறது. நாதஸ்வரத்தில் காதும் உதடும்தான் மெட்டு.

தோடி ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்காது, ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். விரலை மட்டும் தூக்கித் தூக்கி வைத்தால் அந்த ஆட்டம் படிப்படியாக, வெட்டு வெட்டாகக் கேட்கும். உதடு சேர்ந்து அசைந்தால்தான் அது வழுக்கிக்கொண்டு போகும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை இன்றைக்கும் பேசுகிறார்கள் என்றால், அந்த வழுக்கலுக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

மரத்தால் முடியாததையும் உதடு சரிக்கட்ட வேண்டியிருந்தது. பழைய நாதஸ்வரங்களில் சுத்த மத்யமம் என்ற ஸ்வரம் துல்லியமாக விழாது. வாசிப்பவர்தான் விரலையும் உதட்டையும் வைத்து அதை இழுத்துச் சேர்க்க வேண்டும். நரசிங்கம்பேட்டையின் ரங்கநாதன் ஆசாரி, ராஜரத்தினம் பிள்ளைக்காக அந்தக் குறை நீங்கிய பாரி நாதஸ்வரத்தைச் செய்து கொடுத்தார். இப்போது புவிசார் குறியீடு வாங்கியிருக்கும் அதே நரசிங்கம்பேட்டைதான். முன்பு அதிகம் புழங்கிய திமிரி நாதஸ்வரம் குட்டை, சுருதி உச்சம். பாரி நீளம், சுருதி தாழ்வு. வாத்தியம் நீண்டபோது சீவாளியும் மாறியது, அதைப் பிடிக்கிற வாயும் மாறவேண்டி வந்தது.

எவ்வளவு உள்ளே வைப்பது என்பது அடுத்த கணக்கு. சீவாளியை வாய்க்குள் ஆழமாகத் தள்ளினால் இதழ்கள் கட்டுப்பாடில்லாமல் அதிரும். சத்தம் பெரிதாக வரும், ஆனால் கரகரப்பாக இருக்கும், வளைக்கவும் முடியாது. நுனியில் மட்டும் பிடித்தால் கட்டுப்பாடு கூடும், நாதம் மெலிந்துவிடும். நடுவே ஒரு இடம் இருக்கிறது. அது ஆளுக்கு ஆள் வேறு. உதட்டின் தடிமன், பல்வரிசை, தாடை அமைப்பு எல்லாவற்றையும் பொறுத்தது. பல் நேராகச் சீவாளியைக் கடிக்கக் கூடாது, ஆனால் உதட்டுக்குப் பின்னால் பல்தான் தாங்குகிறது. ஊதும் வாத்தியக்காரர்கள் முன்பல் ஆடினாலே பதறுவது இதனால்தான்.

இதற்கு மேல் நாக்கு இருக்கிறது. நாக்கால் சீவாளியைத் தட்டித் தட்டி ஸ்வரங்களைப் பிரித்து வாசிப்பதை துத்துக்காரம் என்பார்கள். தட்டாமல், மூச்சை மட்டும் ஓடவிட்டு, வாய்ப்பாட்டுக்காரர் ‘ஆ’ என்று இழுப்பது போல வாசிப்பது அகாரம். ராக ஆலாபனையின் அழகு பெரும்பாலும் அகாரத்தில் இருக்கிறது. அங்கே நாக்கின் உதவி கிடையாது, உதட்டின் பிடி கொஞ்சம் நழுவினாலும் ஊரே கேட்டுவிடும்.

டிரம்பெட்காரர்களுக்கும் இதே தலைவலி

உலகம் முழுக்க ஊதும் வாத்தியக்காரர்கள் வாழ்நாள் முழுக்கக் கவலைப்படுகிற விஷயம் இந்த வாய்ப்பிடி. மேலைநாட்டு இசையில் இதை எம்பூஷர் என்பார்கள். டிரம்பெட், டிராம்போன் போன்ற பித்தளை வாத்தியங்களில் நாணலே கிடையாது. கிண்ணம் போன்ற ஊதுவாயை உதட்டில் பதித்து, உதட்டையே அதிர வைக்க வேண்டும். அங்கே உதடுதான் சீவாளி.

அதனால் ஊதுவாயை உதட்டில் எங்கே பதிப்பது என்பது அவர்களுக்குப் பெரிய கேள்வி. பிரெஞ்சு ஹார்ன் வாசிப்பவர்கள் பொதுவாக மூன்றில் இரண்டு பங்கை மேலுதட்டில் வைப்பார்கள். டிரம்பெட்டில் ஏறக்குறைய நடுவில். கன்னத்தை உப்பக் கூடாது என்பது அவர்கள் வகுப்பில் முதல் விதி. அந்த விதியைக் காற்றில் பறக்கவிட்டு, கன்னம் இரண்டும் பலூன் மாதிரி உப்ப வாசித்தே உலகப் புகழ் பெற்றவர் ஜாஸ் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி. லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் கதை வேறு மாதிரி. உச்ச ஸ்வரங்களுக்காக ஊதுவாயை அழுத்தி அழுத்தி உதடே சேதமானது. உதட்டைச் சுற்றியுள்ள தசை கிழிவதற்கு, அவருடைய செல்லப்பெயரை வைத்து ‘சாட்ச்மோ சிண்ட்ரோம்’ என்றே மருத்துவத்தில் பெயர் இருக்கிறது.

நம்ம கோயில்களிலும் உதட்டை அதிர வைத்து ஊதுகிற வாத்தியங்கள் உண்டு: கொம்பு, எக்காளம், பெருமாள் கோயில் புறப்பாடுகளில் வரும் திருச்சின்னம். அவை அறிவிப்பு வாத்தியங்கள், சாமி வருகிறார் என்று சொல்வதோடு அவற்றின் வேலை முடிந்தது. ராகம் பாடுகிற பொறுப்பு நாதஸ்வரத்துக்குத்தான்.

கன்னம் உப்பும் விஷயத்தில் நம்ம ஊர் விதி வேறு. ஒத்து ஊதுபவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒத்து என்பது ஒரே சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் துணை வாத்தியம். கன்னத்தில் காற்றைச் சேர்த்து வைத்து அதை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்சை இழுத்துக்கொள்வார்கள். அங்கே கன்னம்தான் துருத்தி, உப்பாமல் நடக்காது. இப்போது பல இடங்களில் சுருதிப்பெட்டி வந்து ஒத்தின் வேலையைப் பிடித்துக்கொண்டது. ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் சிவாஜி கணேசனின் கன்னமும் கழுத்தும் அசைவதைப் பார்த்து அவரே வாசிக்கிறார் என்று நம்பியவர்கள் உண்டு. உண்மையில் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள்.

நாச்சியார்கோயில் போனது ஏன்?

இப்போது மறுபடி சின்ன மௌலானாவிடம் வருவோம். ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பு அவரை ஆட்கொண்டது. ராகத்தை அவசரமே இல்லாமல் விரித்து, ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் இடையே இழைத்துக்கொண்டு போகிற தஞ்சாவூர் பாணி அது. அதைக் கேட்டு ரசிப்பதோடு விட்டிருக்கலாம். கற்றே ஆக வேண்டும் என்று முடிவெடுத்தார்.

கும்பகோணம் பக்கத்தில் நாச்சியார்கோயில். குத்துவிளக்குக்கும் கல் கருடனுக்கும் பேர் போன ஊர். அங்கே ராஜம், துரைக்கண்ணு என்று இரண்டு சகோதரர்கள், தஞ்சாவூர் பாணியின் முக்கியமான நாதஸ்வர வித்வான்கள். அவர்களிடம் போய்ச் சேர்ந்தார். ஏற்கெனவே இரண்டு ஆசான்களிடம் கற்றவர், புதிதாக ஒரு பாணியைக் கற்க மாணவராக உட்கார்ந்தார்.

பாணி மாறுவது என்றால் பாட்டுப் பட்டியல் மாறுவது என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். வாத்தியக்காரருக்கு அது உடம்பு மாறுகிற விஷயம். சின்ன வயதிலிருந்து ஒரு விதமாகப் பழகிய உதடு, யோசிக்காமலே அந்த விதமாகத்தான் போகும். எந்த ஸ்வரத்தில் அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும், மூச்சு எங்கே எடுக்க வேண்டும், நாக்கு எங்கே தட்டக் கூடாது என்பதெல்லாம் தசையில் பதிந்து கிடக்கும். அதை மாற்றுவது, வலது கையால் எழுதிப் பழகியவர் வேறொருவருடைய கையெழுத்தைத் தன் கையெழுத்தாக்கிக்கொள்வதற்குச் சமம். இடையில் ஒரு காலம் வரும். பழசும் சரியாக வராது, புதுசும் வந்திருக்காது. பெயர் வாங்கிய ஒரு வித்வான் அந்தக் காலத்தைத் தாண்ட மனசு வைப்பது அபூர்வம்.

இதை ஸ்வரம் எழுதிக் கற்றுக்கொடுக்க முடியுமா என்றால், முடியாது. காகிதத்தில் ‘க’ என்று ஒரு எழுத்துதான் இருக்கும். தோடியின் காந்தாரமும் கல்யாணியின் காந்தாரமும் அதே எழுத்து. அதை எப்படி ஆட்டுவது என்பது குருவின் தாடையைப் பார்த்து, அவர் சீவாளியைத் தேர்ந்தெடுப்பதைப் பார்த்து, அவர் வாசித்ததை உடனே திருப்பி வாசித்து, தப்பென்றால் மறுபடி வாசித்து வருவது. யூடியூப் யுகத்திலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறவில்லை. வீடியோவில் விரல் தெரியும். உதட்டின் அழுத்தம் தெரியாது.

இன்னொரு தடையும் இருந்தது. தமிழ்நாட்டில் நாதஸ்வரம் என்பது பெரும்பாலும் குறிப்பிட்ட சில சமூகங்களின், அதிலும் குறிப்பிட்ட சில குடும்பங்களின் கையில் இருந்த கலை. தந்தையிடமிருந்து மகனுக்கு, மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகும். அந்த வட்டத்துக்கு வெளியே, தெலுங்கு தேசத்திலிருந்து வந்த ஒரு முஸ்லிம் கலைஞருக்கு அந்தச் சகோதரர்கள் கதவைத் திறந்தார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை. சின்ன மௌலானாவின் பெருமையைப் பேசும்போது அவர்களுடைய பெயர் பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. அது நியாயமில்லை.

வீதியிலிருந்து மேடைக்கு

1960-களில் குடும்பத்தோடு ஸ்ரீரங்கத்தில் குடியேறினார். ரங்கநாதர் மேல் அவருக்கு இருந்த பக்தியைத்தான் காரணமாகச் சொல்வார்கள். தொழில் ரீதியாகவும் அது நல்ல இடம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் தீவு. வருஷம் முழுக்க ஏதாவது ஒரு திருவிழா நடந்துகொண்டிருக்கும் கோயில். பாலத்தைத் தாண்டினால் திருச்சி. அங்கே 1939-லேயே தொடங்கிய வானொலி நிலையம். அந்தக் காலத்தில் வானொலியின் காலை நேர மங்கள இசைதான் பல வீடுகளுக்கு நாதஸ்வரம். கிழக்கே போனால் தஞ்சாவூர், கும்பகோணம், அவருடைய குருமார்களின் ஊர்.

நாதஸ்வரம் அடிப்படையில் திறந்தவெளி வாத்தியம். சாமி புறப்பாட்டில் நடந்துகொண்டே, நின்றுகொண்டே, நான்கு வீதிக்கும் கேட்கிற மாதிரி வாசிக்க வேண்டும். பக்கத்தில் தவில். மைக் கிடையாது. அங்கே உதட்டுக்கு முதல் வேலை தாக்குப்பிடிப்பது. மணிக்கணக்கில் ஊதினால் உதட்டின் ஓரங்கள் சோர்ந்துபோகும், காற்று ஓரமாகக் கசிய ஆரம்பிக்கும். அனுபவம் உள்ளவர்கள் அதற்கேற்ற சீவாளியை எடுத்து, உதட்டைச் சேமித்துச் சேமித்துச் செலவழிப்பார்கள்.

சபா மேடையில் கணக்கே வேறு. உட்கார்ந்து வாசிக்கலாம், முன்னால் மைக் இருக்கிறது, எதிரே நாலு சுவருக்குள் ரசிகர்கள். வீதியில் கொடுத்த அதே காற்றை அங்கே கொடுத்தால் முன்வரிசை காதைப் பொத்திக்கொள்ளும். சத்தத்தைக் குறைக்க வேண்டும், ஆனால் நாதம் மெலியக் கூடாது, சுருதி இறங்கவும் கூடாது. ஊதும் வாத்தியத்தில் இதுதான் கஷ்டம். காற்றைக் குறைத்தால் சுருதி தானாக இறங்கும். உதட்டை அதற்கேற்ப இறுக்க வேண்டும். ரொம்ப இறுக்கினால் சீவாளி வாயடைத்துப்போகும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள மயிரிழையில் நடக்கத் தெரிந்தவர்கள்தான் மேடை வித்வான்கள்.

சின்ன மௌலானாவின் பெயர் நிலைத்தது இந்த இடத்தில்தான். இனிமை, நிதானம் என்ற இரண்டு வார்த்தைகள் அவரைப் பற்றிப் பேசுகிற எல்லோரிடமும் வரும். காதை அறையாத நாதம், வாய்ப்பாட்டுக்காரர் மாதிரி இழுத்துக்கொண்டு போகிற ஆலாபனை. நாதஸ்வரம் என்றால் கெட்டிமேளச் சத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களை உட்கார வைத்துக் கேட்க வைத்தார். வெளிநாட்டு மேடைகளுக்கும் நாதஸ்வரத்தைக் கொண்டுபோனார். முன்பின் கேட்டிராதவர்கள் அரங்கத்துக்குள் உட்கார்ந்து கேட்க வேண்டுமானால் மென்மையான நாதம் ஒரு பெரிய பலம்.

பெயர் விஷயத்தில் ஒரு சின்னக் குறிப்பு. நாதஸ்வரம் என்று நாம் சொல்கிறோம், எழுதுகிறோம். நாகஸ்வரம், அல்லது நாகசுரம் என்பதுதான் சரி என்று இசை அறிஞர்கள் பலரும் சொல்வார்கள். ஸ்ரீரங்கத்தில் அவர் தொடங்கிய பயிற்சி நிலையத்தின் பெயரிலும் ‘நாகஸ்வரம்’தான் இருக்கிறது.

கடைசி விருதும் அதற்குப் பிறகும்

1977-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. சங்கீத நாடக அகாடமி விருதும் வந்தது. 1998-ல் சென்னை மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி பட்டம் கொடுத்தது. கர்நாடக இசை உலகில் அதற்கு மேல் ஒரு பட்டம் இல்லை என்று மதிக்கப்படுவது அது. வாய்ப்பாட்டுக்காரர்களும் வயலின்காரர்களும் வரிசையாக வாங்கிய அந்தப் பட்டம் நாதஸ்வரக்காரர்களுக்கு அரிதாகவே வந்திருக்கிறது. ராஜரத்தினம் பிள்ளைக்கே அது கிடைக்கவில்லை. கோயில் வாசலில் முதலில் ஒலிக்கிற வாத்தியம் சபா வரிசையில் கடைசியில் நின்ற கதை தனியாக எழுத வேண்டியது.

பட்டம் கிடைத்த அந்த இசை விழா முடிந்து சில மாதங்கள்தான். 1999 ஏப்ரல் 13-ம் தேதி சின்ன மௌலானா காலமானார். 75 வயது நிறைய ஒரு மாதம் பாக்கி இருந்தது.

அவர் ஸ்ரீரங்கத்தில் தொடங்கிய பயிற்சி நிலையம் சாரதா நாகஸ்வர சங்கீத ஆசிரமம். முஸ்லிம் வித்வான் ஒருவர் சரஸ்வதியின் பெயரில் நடத்திய குருகுலம். தனக்கு நாச்சியார்கோயிலில் கிடைத்ததை அங்கே மற்றவர்களுக்குக் கொடுத்தார். சேர வருகிறவர் எந்தக் குடும்பம் என்பது அங்கே தடையாக இல்லை.

நாதஸ்வரம் கற்க வருகிற பிள்ளைக்கு முதல் சில மாதங்கள் பாட்டே கிடையாது. சீவாளியில் ஒழுங்கான ஓசை வரவழைப்பதே பெரிய பாடம். அப்புறம் ஒரே ஸ்வரத்தை ஆடாமல் நீட்டிப் பிடிப்பது. கேட்கிறவர்களுக்கு இது சலிப்பு, பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தண்டனை. உதட்டைச் சுற்றியுள்ள தசைகள் வலுப்பெற வேறு வழியில்லை. சில நாள் விட்டுவிட்டால் அந்த வலு இறங்கத் தொடங்கிவிடும். பெரிய வித்வான்களும் தினசரி சாதகத்தை விடாததற்கு இதுதான் காரணம். இவ்வளவு செய்தும் வருமானம் முகூர்த்த நாட்களை நம்பித்தான். கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கரில் நாதஸ்வரத்தைப் போட்டுவிட்டால், அந்த ஒரு நாள் கூலியும் போயிற்று. பிள்ளைகளை இந்தத் தொழிலுக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குவதில் ஆச்சரியம் இல்லை.

அவருடைய பேரன்கள் காசிம், பாபு இருவரும் அவரிடமே கற்று, அவரோடு மேடையேறி, ஜோடியாக வாசித்து வருகிறார்கள். ஆந்திராவிலிருந்து வந்து அவரிடம் கற்ற இன்னொரு ஜோடி ஷேக் மெஹபூப் சுபானி, காலீஷாபி மெஹபூப் தம்பதி. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே மேடையில் நாதஸ்வரம் வாசிக்கிறார்கள். பெண்கள் நாதஸ்வரம் எடுப்பதே குறைவாக இருந்த காலத்தில் காலீஷாபி அதைக் கற்று, மேடைக்கு வந்தார். கற்க வந்த ஸ்ரீரங்கமே இவர்களுக்கும் ஊராகிவிட்டது. 2020-ல் மத்திய அரசு இந்தத் தம்பதிக்குப் பத்மஸ்ரீ அறிவித்தது, அவர்களுடைய குருவுக்குக் கிடைத்து 43 வருஷம் கழித்து.